எட்டாவது வரி

ஐப்பசி பிறந்தால் எனக்கு அந்த வீட்டில் வேலை உண்டு.
கடலூர் முதுநகரில் ரயில்வே கேட்டைத் தாண்டி
இடப்பக்கம் திரும்பினால் மிளகாய் நெடி வழிகாட்டும்.
அஞ்சலாட்சி மாவு மில்.
மழைக்கு முன்னால் வாசலில்
ஒரு வரி செங்கல் வைத்து ஏற்றிக் கொடுப்பேன்.
போன வருஷத் தண்ணீர் நின்ற கோடு
சுவரில் பழுப்பாக இருக்கும்.
அதற்கு மேலே நாலு விரல்.
என் கணக்கு அவ்வளவுதான்.

ஏழு வருஷம், ஏழு வரி.
அரிசி மூட்டையோடு வருகிறவர்கள்
ஏறி, மறுபடி உள்ளே இறங்கி
மூச்சு வாங்கினார்கள்.
முட்டிவலிக்காரர்கள் வேறு மில் பார்த்துக்கொண்டார்கள்.
தண்ணீர் மட்டும் வருஷம் தவறாமல் ஏறி வந்தது.
அதற்கு முட்டி இல்லை.

வந்தால் போகாது, அதுதான் வியாதி.
தெருவெல்லாம் வடிந்த பிறகும்
மில்லுக்குள் நாலு நாள் நிற்கும்.
என் வரி வெளியே தடுத்ததைவிட
உள்ளே காத்தது அதிகம்.
இதை நான் சொல்லவில்லை.
கூலி வாங்குகிறவன் சொல்வானா?

எட்டாம் வருஷம்
சிமெண்ட் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன்.
அஞ்சலாட்சி மோட்டாரை நிறுத்தினாள்.
பெல்ட் சுற்றி ஓயும்வரை பேசவில்லை.
புருவமெல்லாம் மாவு.
"தனக்கோட்டி, இது எங்க போகணும்னு வருது?"
எது?
"தண்ணிதான். நம்ம வீட்டுக்கா வருது?
நாம வழியில நிக்கிறோம்."

பின்னால் நூறடியில் உப்பனாறு.
நடுவே அவள் மாமனார் எழுப்பிய பின்சுவர்,
மேலே கண்ணாடிச் சில்லு.
சுவருக்கு அப்பால் இருக்கிற தெருவை
மில்லில் யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை.
'அந்தப் பக்கம்' என்பதோடு சரி.

"இடி" என்றாள்.

கட்டிப் பழகிய கைக்கு இடிப்பது லேசில்லை.
உளி இரண்டு முறை வழுக்கியது.
ஒரு கல் பெயர்ந்ததும்
முதலில் வந்தது காற்று, கருவாட்டு வாசனையோடு.
அப்புறம் ஒரு கண். பொடியன்.
"என்னா பண்றீங்க?"
வழி, என்றேன்.
வேறென்ன சொல்ல?

அந்தப் பக்கம் சும்மா விடவில்லை.
"ஒங்க தண்ணிய எங்க தலையில கட்டுறீங்களா?"
பவுனாம்பாள் மண்வெட்டியோடு வந்து நின்றாள்.
நியாயம்தான்.
இரண்டு நாள் வேலை நின்றது.
மூன்றாம் நாள் இரண்டு பெண்களும்
கயிறு பிடித்து ஆறுவரை அளந்தார்கள்.
வாய்க்கால் வெட்டியதில் அந்தப் பக்கத்து ஆட்கள் பதினோரு பேர்,
இந்தப் பக்கம் நான் ஒருவன்.
மாமனார் படத்துக்கு அன்று பூ இல்லை,
மறந்தாளோ என்னவோ.

கார்த்திகையில் கெடிலம் புரண்டது.
மோட்டாரைப் பலகைமேல் தூக்கி வைத்ததோடு சரி,
நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை.
வண்டி மாறப் போகிறவன் பிளாட்பாரத்தைக் கடப்பது போல
முன்வாசலில் ஏறி
பின்வாசலில் இறங்கிப் போனது தண்ணீர்.
கொஞ்சம் சேறு, ஒற்றைச் செருப்பு, ஒரு கெண்டைக்குஞ்சு
மறந்துவைத்துவிட்டு.

இப்போது மில்லுக்கு இரண்டு வாசல்.
பின்தெருப் பெண்கள் கேட்டைச் சுற்றாமல்
ரேஷன் கோதுமையோடு வருகிறார்கள்.
மிளகாய் அரைபடும்போது பிள்ளைகள்
மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்குக் குறுக்கே ஓடுகிறார்கள்.
பிடிக்காதவர்களும் உண்டு.
முன்தெருவில் இரண்டு வீடு
மாவரைக்க வருவதை நிறுத்திவிட்டது.
அந்தக் கணக்கையும் எழுதித்தான் வைத்திருக்கிறாள்.

எனக்கு ஐப்பசி வேலை போனது.
பெயர்த்த ஏழு வரிச் செங்கல்
பவுனாம்பாள் வீட்டில் அடுப்பு மேடையாகிவிட்டது.

நேற்று செம்மண்டலத்தில் ஒருவர்
காம்பவுண்டை இன்னும் மூன்றடி ஏற்றணும் என்றார்.
நூலையும் குண்டையும் எடுத்தேன்.
கொஞ்சம் இருங்க,
மறுபக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.
தெருவையே சுற்றிக்கொண்டுதான்
போக வேண்டியிருந்தது.